பாகு ரத்தமும் பை ரத்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு வந்து ஒவ்வொருவராகக் கொன்று போடும் ஆங்கிலப் படங்களைப் பற்றிய கடிதம் அது. பேரன் செல்போனில் அப்படி ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு பதறிப்போய், போனை வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில், இந்தப் படங்களை விரும்பிப் பார்க்கிற பெரியவர்களுக்கும் மனதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும், ரத்தத்தின் மதிப்புத் தெரியாதவர்கள்தான் இதைப் பார்த்து மகிழ முடியும் என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் டெக்னீஷியன். வயது 48, சர்வீஸ் 22 வருடம். ஐயா குறிப்பிட்ட படங்களை ஸ்லாஷர் படங்கள் என்பார்கள். 35 வருடமாக அவற்றை ஆசையோடு பார்த்து வருகிறேன். ஒளித்து வைத்துப் பார்க்கவில்லை. கணவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், கூட வேலை செய்கிற நர்ஸ்களுக்கும் தெரியும்.

ரத்தத்தின் மதிப்பு என்று எழுதியிருக்கிறார், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒரு கொடையாளியிடம் நாங்கள் பெரும்பாலும் எடுப்பது 350 மில்லி. 2 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்குள் வைத்திருந்தால் 35 நாள் தாங்கும். அதற்குமேல் ஒரு நாள் ஆனாலும் யாருக்கும் ஏற்ற முடியாது, அழித்துவிட வேண்டும். அப்படி ஒரு பையை அழிக்கும்போது, அதைக் கொடுத்தவர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த காட்சி எனக்கு ஞாபகம் வரும். பிரசவ வார்டிலிருந்து இரவு 2 மணிக்கு ஆள் ஓடி வரும். அந்த நேரத்தில் நெகட்டிவ் குரூப் கையிருப்பில் இல்லாமல், பக்கத்து ஊர் வங்கிகளுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சிய இரவுகள் எனக்கு நிறைய உண்டு. ரத்தத்தின் மதிப்பை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன் நிறமும் எனக்குத் தெரியும். கை நரம்பில் ஊசி குத்தி எடுக்கிற ரத்தம் குங்குமச் சிவப்பாக இருக்காது. நாவல்பழத்தைப் பிழிந்தது போலக் கருத்த சிவப்பு. தரையில் சிந்தினால் சில நிமிடங்களில் கட்டி தட்டிவிடும், காய்ந்தால் துரு மாதிரி பழுப்பாகும். இரும்புக் கம்பியைப் பிடித்த கையை முகர்ந்தால் வருமே, அந்த வாடைதான் அடிக்கும். படத்தில் வருகிற ரத்தம் இப்படி எதுவும் செய்யாது. கொலை நடந்து அரைமணி நேரம் கழித்தும் சுவரில் பளபளவென்று சிவப்பாகவே வழிந்துகொண்டிருக்கும். முதல் பார்வையிலேயே அது பாகு என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிடுவதால்தான் என்னால் ரசிக்க முடிகிறது. இதைத்தான் ஐயாவுக்கு விளக்கமாகச் சொல்ல நினைக்கிறேன்.

பாகு என்று சும்மா சொல்லவில்லை. ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் கொடுத்த பக்குவத்துக்கு அடிப்படையே சோளச் சர்க்கரைப் பாகுதான். அதில் சிவப்புச் சாயமும், நிறம் இயல்பாக வரக் கொஞ்சம் மஞ்சள் சாயமும் கலப்பார்கள். இந்த வகைப் படங்களுக்கெல்லாம் தாய் என்று சொல்லத்தக்க 'சைக்கோ' 1960-இல் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் குளியலறைக் காட்சியில் இயக்குநர் ஹிட்ச்காக் சாக்லேட் பாகைத்தான் ஓடவிட்டார். கத்தி பாயும் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். என் மகள் பள்ளி நாடகத்தில் வெட்டுப்பட்டு விழுகிற வேஷம் போட்டபோது ரத்தம் தயாரித்தது நான்தான். சர்க்கரைப் பாகில் கேசரி பவுடர் கலந்தேன். அது ஜிகர்தண்டா சிரப் மாதிரி ஆகிவிட்டது. ஒரு சிட்டிகை கோகோ தூள் போட்டதும்தான் ரத்தமாயிற்று.

இந்த ருசி எனக்கு அமெரிக்காவிலிருந்து வந்ததில்லை. என் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். அங்கே பல ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். கோயில் திடலில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள், நாலைந்து ஆள் நீளம் இருக்கும். எங்கள் ஊரில் அதன் தொடையில் ஒரு கலயத்தைப் புதைத்து உள்ளே சிவப்புத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தை ஓங்கி அடிப்பார், கலயம் உடையும், சிவப்பு பெருகும். அதைத் தொட்டுத்தான் விரித்துப்போட்ட கூந்தலைத் திரௌபதி முடிப்பாள்.

1986-இல் எனக்கு 9 வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சிவப்பு மண்ணில் பரவியபோது கூட்டம் முழுக்க 'கோவிந்தா' என்று எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தில் அப்பாவின் தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஆனால் கண்ணை மூடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அது ரத்தமாப்பா?" என்று கேட்டேன். "இல்லம்மா. மஞ்சளும் சுண்ணாம்பும். உங்கம்மா ஆலம் கரைக்கிறாளே, அதேதான்" என்றார். மறுநாள் அம்மாவிடம் கேட்டு நானே ஒரு கிண்ணத்தில் கரைத்துப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாகிற அந்த நொடி! நடுங்கிப் பார்ப்பது, பிறகு எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் போவது, இந்த இரண்டும் அன்றைக்கே எனக்குப் பழகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் மேல்மலையனூர் மயானக் கொள்ளை பெரிய திருவிழா. அம்மன் வேஷம் போட்டவர்களில் சிலர் உயிர்க்கோழியைக் கடித்தபடி ஆடி வருவார்கள். அவரவர் நேர்த்திக்கடன், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அது நிஜ ரத்தம். படுகளத்தில் கடைசிவரை நிற்பேன்.

மகள் புதுச்சேரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைக்கிற பகுதியை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். போர்க்களத்தில் செத்துக் கிடப்பவர்களின் பற்கள்தான் அரிசி. யானைத் தந்தம் உலக்கை. அதைக் குத்திக் கூழ் காய்ச்சிக் குடித்துப் பேய்கள் கூத்தாடுகின்றன. இதைப் பாடியவர் சோழ அரசரின் அவைப்புலவர், கேட்டவர் அரசர். மகள் வாசிக்க வாசிக்க நான் சிரித்தேன், நடுவில் வயிற்றைப் பிசைந்தது, மறுபடியும் சிரித்தேன். ஸ்லாஷர் படம் பார்க்கும்போதும் எனக்கு இதேதான் நடக்கும்.

சரி, படங்களுக்கு வருகிறேன். 1990-இல் என் சித்தப்பா வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். கல்யாண வீடு, மஞ்சள் நீராட்டு என்று டெக்கையும் டிவியையும் ராத்திரி வாடகைக்கு விடுவார். கடையின் பின்னறையில் ஆங்கிலப் பேய்ப்பட கேசட்டுகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. எல்லாம் பிரதி எடுத்த கேசட்டுகள். ரத்தம் வருகிற இடத்தைத்தான் எல்லோரும் நிறுத்தி நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள். அங்கே மட்டும் டேப் தேய்ந்து படம் கோடு கோடாக ஓடும். கோடு தட்ட ஆரம்பித்தாலே கொலை வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் முதலில் பார்த்தது 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்', 1984-இல் வந்தது. தீயில் வெந்த முகத்தோடு, விரல்களில் கத்தி பொருத்திய ஒருவன் கனவில் வந்து பிள்ளைகளைக் கொல்வான். அந்த வயதில் எனக்கு இங்கிலீஷ் ஒரு வரி புரியாது, சித்தப்பாதான் கதை சொன்னார். புரியவேண்டிய தேவையே இல்லாமல் பயம் பிடித்துக்கொண்டது. தூங்கினால் வந்துவிடுவான் என்பதுதானே கதை, மூன்று நாள் தூங்கவில்லை. 13 வயதில் அதைப் பார்த்திருக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐயாவின் பேரனுக்கு எத்தனை வயது என்று கடிதத்தில் இல்லை. 18 ஆகவில்லை என்றால் போனை வாங்கி வைத்தது சரிதான்.

அந்தப் படத்தை எடுத்த வெஸ் கிரேவன் கல்லூரியில் பாடம் நடத்தியவர். சினிமா பார்க்கவே விடாத, கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். கதை அவருக்குக் கிடைத்தது ஒரு நாளிதழில். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்த சிலர், கெட்ட கனவுக்குப் பயந்து தூங்க மறுத்து, கடைசியில் தூக்கத்திலேயே இறந்துபோன செய்திகளை லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் படித்திருக்கிறார். ஆசிரியர் அவர்களே, உள்பக்கத்தில் யாரும் கவனிக்காமல் போகும் ஒரு செய்திக்கு இப்படியும் ஒரு வாழ்வு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அதில் ஒரு பையனைக் கட்டில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பையனாக நடித்த ஜானி டெப்புக்கு அதுதான் முதல் படம். இழுத்த குழியிலிருந்து ரத்தம் ஊற்றாகக் கிளம்பிக் கூரையில் போய்ப் பரவும். இதை எப்படி எடுத்தார்கள் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அறை முழுவதையும் ராட்டினம் போலச் சுழலும்படி கட்டி, தலைகீழாகத் திருப்பி, கட்டில் ஓட்டை வழியாக மேலிருந்து சிவப்புத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள். கேமராவும் அறையோடு சேர்ந்து தலைகீழாகத் தொங்கும், அதனால் நமக்கு ரத்தம் மேலே போவது போலத் தெரியும். கொட்டிய தண்ணீரின் கனம் தாங்காமல் அறை நினைத்ததற்கு எதிர்ப் பக்கமாகச் சுழன்று, தண்ணீர் விளக்குகளில் பட்டு, எல்லாம் அணைந்து இருட்டாகிவிட்டதாம். அறைக்குள் இருக்கையில் கட்டப்பட்ட நிலையில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் தலைகீழாகத் தொங்கியிருக்கிறார்கள். அந்தக் காட்சியை இப்போது பார்த்தால் எனக்குப் பயமும் வரும், இருட்டில் தொங்கிய அந்த மனிதர்கள் மேல் ஒரு பாசமும் வரும்.

டாம் சாவினி என்ற ஒப்பனைக் கலைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். செத்தவர்களையும் சிதைந்தவர்களையும் படம் எடுத்தவர். திரும்பி வந்து அவர் செய்த வேலை, 1980-இல் வந்த 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' படத்தின் கொலைகள். கட்டிலில் படுத்திருப்பவன் கழுத்தைப் பிளந்துகொண்டு கீழேயிருந்து அம்பு வெளியே வரும். நடிகரின் தலை மட்டும்தான் நிஜம், கழுத்தும் மார்பும் செய்து வைத்தவை. கட்டிலுக்கு அடியில் சாவினியும் உதவியாளரும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். படம் ஓடும்போது ரத்தம் பாய்ச்சும் குழாய் பம்பிலிருந்து கழன்றுவிட்டது. செய்த கழுத்து ஒன்றுதான், மறுபடி எடுக்க வழியில்லை. உதவியாளர் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊதியிருக்கிறார். திரையில் ரத்தம் குபுகுபுவென்று விட்டுவிட்டு வருவது அந்த மூச்சினால்தான். நிஜ நாடித் துடிப்பு மாதிரியே இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் இதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எந்தக் கோளாறில் சேர்ப்பது? போரில் நிஜமாகச் செத்தவர்களைப் பார்த்த ஒருவர், யாரும் சாகாமலே சாவைச் செய்து காட்ட முயன்றிருக்கிறார். நானும் நாள் முழுக்க நிஜத்தைத் தொட்டுவிட்டு வருகிறவள்தான். அவரோடு எனக்கு ஓர் ஒட்டுதல் உண்டு.

இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து சேர்க்கிற ரத்தம் வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. காற்றில் தெறிக்கும், பாதி வழியில் காணாமல் போய்விடும். சட்டையில் ஒட்டாது, சுவரில் வழியாது, நடிகரின் கண்ணிமையில் பிசுபிசுக்காது. ஒரு சொட்டு ரத்தத்தைத் துடைக்க எத்தனை பஞ்சு வேண்டும் என்று தெரிந்தவளுக்கு அது உடனே உறுத்தும். பாகு ரத்தத்துக்கு எடை உண்டு.

ரத்தமே இல்லாமலும் நடுங்க வைத்திருக்கிறார்கள். 1978-இல் வந்த 'ஹாலோவீன்' படத்தில் ரத்தம் தேடித்தான் பார்க்க வேண்டும். சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்தது, அங்கே அது சில்லறை. கையில் காசில்லாததால், ஒரு விண்வெளித் தொடரின் நாயகன் முகத்தை வைத்துச் செய்த ரப்பர் முகமூடியை 2 டாலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கி, வெள்ளைச் சாயம் அடித்துக் கொலைகாரனுக்கு மாட்டினார்கள். கதை நடப்பது இலையுதிர் காலத்தில், எடுத்ததோ வசந்தத்தில். அதனால் இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் மறுபடி பொறுக்கிச் சாக்கில் கட்டி அடுத்த காட்சிக்குக் கொண்டுபோனார்கள். இசையை இயக்குநர் ஜான் கார்பெண்டரே போட்டார். ஐந்து எண்ணிக்கையில் போகிற மெட்டு, நம் தாளக்காரர்கள் கண்டம் என்பார்கள். தக தகிட, தக தகிட என்று அது ஓட ஆரம்பித்தால், கால் எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி ஒரு தடுமாற்றம் வரும்.

அந்தப் படத்தின் நாயகி ஜேமி லீ கர்ட்டிஸ், 'சைக்கோ'வில் குளியலறையில் செத்த ஜேனட் லீயின் மகள். அம்மா செத்த வகைப் படத்தில் மகள் பிழைத்தாள். நானும் என் மகளும் சேர்ந்து பார்த்த முதல் ஸ்லாஷர் அதுதான். அவளுக்கு 18 முடிந்த மாதம். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்டாள், நான் விடவில்லை. அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். என் புடவைத் தலைப்பு அவள் கையில் கசங்கிப்போயிருந்தது.

இந்தப் படங்களில் கடைசியில் பிழைப்பவள் பெரும்பாலும் ஒரு பெண். கேரல் குளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியை அவளுக்குக் 'கடைசிப் பெண்' என்றே பெயர் வைத்து 1980-களில் ஆராய்ச்சி செய்திருக்கிறார். மற்றவர்கள் கூத்தும் கும்மாளமுமாக இருக்கும்போது அவள் மட்டும் ஏதோ சரியில்லை என்று கவனிப்பாள். யாரும் நம்ப மாட்டார்கள். நண்பர்கள் எல்லோரும் செத்த பிறகு, அழுதுகொண்டே, கால் நொண்டிக்கொண்டே, கையில் கிடைத்ததை எடுத்துத் திருப்பி அடிப்பாள். கம்பளி பின்னும் ஊசியால் குத்தியவள் உண்டு, கோட் மாட்டும் கம்பியை வளைத்துக் குத்தியவள் உண்டு. நைட் டூட்டி முடிந்து ஆளில்லாத பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நின்ற பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் உடம்பு எப்படி இறுகும் என்று. அந்தப் பயத்தைப் பெரிதாகத் திரையில் போட்டு, அதைக் கடந்து அவள் நிற்பதையும் காட்டுகிறார்கள். எனக்கு அது வேண்டியிருக்கிறது.

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. மாடி அறையில் 14 நாள் தனியாக இருந்தேன். வங்கியில் ரத்தம் கொடுக்க ஆள் வராத காலம். வார்டில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கணவர் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவார். அந்த நாட்களில் பக்திப் பாட்டு கேட்டேன், மனம் நிற்கவில்லை. காமெடி போட்டேன், சிரிப்பு வரவில்லை. அப்புறம் பழைய ஸ்லாஷர் படங்களைப் போட்டேன், 11 படம் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு நாள் முழுக்கப் பயந்து கிடந்தவளுக்கு, முகமூடியும் கத்தியுமாகக் கண்ணுக்குத் தெரிகிற ஒருவனிடம் ஒன்றரை மணி நேரம் பயப்படுவது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நெஞ்சு படபடக்கும், முடியும், பெயர்கள் ஓடும், தூக்கம் வரும். அதே ஆண்டு வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வொன்றில், திகில் பட ரசிகர்களுக்குக் கொரோனா காலத்தில் மன உளைச்சல் குறைவாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்து நான் வாதாட வரவில்லை. என் 14 நாள் எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எல்லாப் படங்களையும் நான் தாங்கிப் பேசவில்லை. 80-களின் படங்களில் பெண்களைத் துணியில்லாமல் காட்டிவிட்டு அடுத்த காட்சியில் கொல்வதே வேலையாக வைத்திருந்த சிலவற்றைப் பார்த்து எரிச்சலோடு அணைத்திருக்கிறேன். கோமாளி வேஷக் கொலைகாரன் வரும் 'டெரிஃபையர்' முதல் பாகத்தில், தலைகீழாகக் கட்டிய பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் காட்சியோடு நிறுத்திவிட்டேன். ஒப்பனை அபாரம், ஆனால் அந்தப் பெண்ணுக்குத் திமிற ஒரு வழியும் வைக்கவில்லை. 2022-இல் இரண்டாம் பாகம் வந்தபோது, எதிர்த்து நிற்கிற நாயகி ஒருத்தி இருக்கிறாள் என்று மகள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். முழுக்கப் பார்த்தேன். என் அளவுகோல் இதுதான். ரத்தம் எத்தனை லிட்டர் என்று நான் பார்ப்பதில்லை, சாகிறவரின் பயத்தைப் படம் மதிக்கிறதா என்று பார்ப்பேன்.

ஐயாவிடம் ஒன்று கேட்க ஆசை. நம் பெரிய நாயகர்களின் படங்களில் ஒரே சண்டையில் 40 பேரை அரிவாளால் சாய்க்கிறார்கள். செத்தவர்களில் ஒருவருக்காவது பெயர் உண்டா? அவர்கள் பயந்த முகத்தை நாம் பார்க்கிறோமா? கைக்குழந்தையோடு குடும்பமாகப் போய்ப் பார்க்கிறோம், விசில் அடிக்கிறோம். நான் பார்க்கும் படங்களில் 10 பேர் சாவார்கள். 10 பேருக்கும் பெயர் இருக்கும், ஒவ்வொருவரும் உயிருக்குக் கெஞ்சுவதை நான் பார்த்தாக வேண்டும். எது மனதை மரத்துப்போக வைக்கும்?

இன்னொன்றும் உண்டு. நடுரோட்டில் ஒருவரை வெட்டுகிற சிசிடிவி காட்சியை டிவிக்காரர்கள் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். அதையே வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்புகிறார்கள். நான் அதைத் திறக்க மாட்டேன். அப்படி ஒன்று, எங்கள் மருத்துவமனைக்கே வந்த ஒரு தம்பியின் காட்சி. அவருக்காக 6 பை ரத்தத்தை, ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் சோதனை செய்து கொடுத்தவள் நான், மூன்றாவது பை ஏறும்போது போய்விட்டார். மறுநாள் எங்கள் கேன்டீனில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார்கள். அவர்கள் யாருக்கும் ஸ்லாஷர் படம் பிடிக்காது. என்னிடமே பலமுறை, "அக்கா, எப்படித்தான் அதையெல்லாம் பாக்கறீங்களோ" என்று கேட்டவர்கள். உங்கள் நாளிதழ் இப்படிப்பட்ட படங்களை மங்கலாக்கித்தான் போடுகிறது, அதற்கு நன்றி.

குழந்தைகள் விஷயத்தில் ஐயாவோடு நான் ஒரே கட்சி. ஏ சான்றிதழ் என்றால் 18 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தும், தியேட்டர் வாசலில் யாரும் வயது கேட்பதை நான் பார்த்ததில்லை. யு/ஏ-வை இப்போது 7, 13, 16 என்று பிரித்துவிட்டார்கள், அதையும் பெற்றோரில் எத்தனை பேர் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிறார்கள்? வீட்டில் ஓடிடி தளங்களுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதி இருக்கிறது. பேரனின் போனில் அதை ஒருமுறை செய்துவிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த நாலு இலக்கம் மகளுக்கு 18 ஆகும்வரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்தப் படங்கள் வெளியாகும்போது உங்கள் விமர்சனப் பகுதியில் 'ரத்தக்களறி, தலைவலி' என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பார்க்க முடியாதவர்களுக்கு அது போதும், அவர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும். விரும்பிப் பார்ப்பவர்களுக்காக இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பனை யார், ரத்தம் கையால் செய்ததா கம்ப்யூட்டரில் போட்டதா, கடைசிப் பெண் எப்படி நடித்திருக்கிறாள். எந்த வயதுக்கான சான்றிதழ் என்பதைப் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள், ஐயாவைப் போன்ற தாத்தாக்களுக்கு உதவும். எழுத ஆள் இல்லையென்றால், டூட்டி இல்லாத ஞாயிறுகளில் நான் எழுதித் தருகிறேன். சம்பளம் வேண்டாம்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் மருத்துவமனை பெயரையும் தவிர்த்துவிடுங்கள். ரத்தம் கொடுக்க முதல்முறை வருகிற கல்லூரிப் பிள்ளைகள் ஏற்கெனவே கை நடுங்கித்தான் வந்து படுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விழுப்புரம் மாவட்டம்.